மூன்று மணி நேர அனுமதி

அன்புத் தங்கச்சிக்கு, உன் முழங்கால் வலி எப்படி? நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு மரியா எழுதுகிறாள்.

சுனாமி வந்த வருடம், எழுத்துத் தெரியாத நான் கேள்விகளைக் காதால் கேட்டே பாடமாக்கி எடுத்த லைசன்ஸை, திங்கட்கிழமை பல்லரோ சந்தையடியில் இத்தாலிப் பொலிஸ் பறித்துவிட்டது. இரண்டு மாதத்துக்குத்தான், பயப்படாதே. வான் ஓடிக்கொண்டே, நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை, போனைக் காதில் வைத்துக் கேட்டேன்; அதுதான் குற்றமாம்.

“நிப்பாட்டிப்போட்டுக் கேட்டிருக்கலாம்தானே, அப்பு?” என்கிறாள் மரியா.

வேலைக்காகத் தினம் மூன்று மணி நேரம் ஓட அனுமதி கேட்கலாம். நாளை மதியத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, அந்தச் சிஞ்ஞோராவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது நான்தான் என்று அவருடைய மகன் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த மகன் இன்னும் போனை எடுக்கவில்லை. அனுமதி கிடைக்காவிட்டால் வேலை போய்விடும்.

அதற்காக நீ பேசி அனுப்புவதை நிறுத்திவிடாதே. சாப்பாட்டு நேரம் பார்த்து அனுப்பு. என்னைச் சின்னண்ணை என்று கூப்பிட்ட ஏழு பேரில் இப்போது உயிரோடிருப்பது நீ ஒருத்திதான், ஜெசிந்தா.