வெள்ளிக்கிழமை ஆறு மணித் தொடர்

மரிகினா, பிலிப்பைன்ஸ்,
பிப்ரவரி 11, 2026.

அன்புள்ள தங்கை மிந்தாவுக்கு,

அண்ணன் டெல்பின் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் ரமிலும் பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் நலமாக இருப்பதாக டெஸ்ஸி சொன்னாள். உன் முகவரியையும் அவளிடம்தான் வாங்கினேன். “முகவரி எதுக்கு உனக்கு? கடல் தாண்டிப் போயும் அவளோட சண்டை போடணுமா?” என்று கேட்டாள் நம் சித்தி மகள். இல்லை, ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றேன். நம்பாமல்தான் கொடுத்தாள். என் போன் எண்ணை நீ பிளாக் செய்து அடைத்து வைத்து நாலு வருடம் ஆகப்போகிறது. காகிதத்தை அடைக்க முடியாது என்பதால் இந்த வழி. கிழித்துப் போடலாம், அது உன் உரிமை. கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு. நான் கேட்கப் போகும் கேள்விக்குப் பதில் உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

வீட்டுச் செய்தி முதலில். ஜூலை வெள்ளம் இந்தத் தடவை இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. அம்மாவின் அறையை இன்னும் ஒழிக்கவில்லை. என் ரோபோ பொம்மைகளை மட்டும் வெள்ளத்துக்குப் பயந்து அங்கே மேல் அலமாரியில் ஏற்றியிருக்கிறேன். அம்மா இறந்தபின் நடந்த ஒன்பது நாள் ஜெபத்துக்கு நீ வந்தபோது டெஸ்ஸி வீட்டில் தங்கினாய். தினமும் வந்து, ஜெபம் முடிந்ததும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போனாய். உனக்காகத் துவைத்து விரித்த படுக்கையில் இதுவரை யாரும் படுக்கவில்லை. குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். பிரிண்டர் கடையை வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறேன். மற்ற நாட்களில் பேச்சுத் துணை கிடையாது. போன வாரம் காலை ரொட்டி வாங்கப் போன இடத்தில் “நாலு குடும்மா” என்றேன். என் குரல் எனக்கே கரகரவென்று கேட்டது. முந்தின நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சங்கம் கூடுகிறது. ஷாப்பிங் மாலின் மேல்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ரோபோ ரசிகர்கள் ஆறு பேர். பொம்மைகளைப் பற்றிப் பேசுவதைவிட யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதுதான் பெரிய பேச்சு. அங்கே வைத்துத்தான் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை என்னைப் பிடித்தாள். பெயர் அமிஹான் வில்யரோசா. முப்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். ஜனங்கள் வாயால் சொல்லும் சரித்திரத்தைப் பதிவு செய்து புத்தகம் போடுகிறாளாம். எழுபத்தொன்பதில் டிவியில் ஓடிய நம் ரோபோ கார்ட்டூன் தொடரைப் பாதியில் நிறுத்தியபோது பிள்ளைகளாக இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள், பெரியவர்களானபின் அது அவர்கள் அரசியலில் என்ன செய்தது என்பதுதான் விஷயம். அந்தக் கூட்டத்தையே தெரிந்த ஆள் நான் என்று கையில் பதிவுக் கருவியைக் கொடுத்துவிட்டாள்.

எனக்குச் சொல்லவா வேண்டும்? மேடையில் நான் முப்பது வருடமாகச் சொல்லும் கதை உனக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை ஆறு மணி, டிவி வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பாசிங் அத்தையின் ஜன்னல், கம்பிக்கு வெளியே தொங்கிய பத்துத் தலைகள். ஒரு கொடுங்கோல் சக்கரவர்த்தியை எதிர்த்து ஜனங்கள் எழும் கதை. முடிவு வருவதற்குச் சில வாரம் இருக்கும்போது அரண்மனையில் உட்கார்ந்திருந்த ஜனாதிபதி உத்தரவு போட்டார், தொடர் நின்றது. ராணுவச் சட்டம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏழு வருடம் கழித்து அவரை இறக்க நெடுஞ்சாலையில் டாங்கிகளுக்கு முன்னால் போய் நின்றோம். இப்படிச் சொல்லி நிறுத்தினால் கைதட்டல் வரும்.

முப்பத்தேழு பேரைப் பதிவு செய்தேன். ஒவ்வொருத்தரும் தங்கமாகப் பேசினார்கள். பல் மருத்துவர் போயெட் இருக்கிறாரே, ரோபோவின் சிவப்பு மார்பும் நீலக் காலும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன், “டேய், நம்ம வீட்டுல இருந்தது கறுப்பு வெள்ளை டிவிடா. சிவப்பு எங்கேந்து வந்துச்சு?” என்று கேட்டார். அப்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பதிவுகளை எடுத்துக்கொண்டு பெருமையோடு அமிஹானிடம் போனேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, என் கையில் ஹெட்போனைக் கொடுத்து, “கேளுங்க சார். அவங்க பேசறதை விட்டுடுங்க. நீங்க பேசறதை மட்டும் கேளுங்க” என்றாள். கேட்டேன். “அரண்மனையிலேர்ந்து உத்தரவு வந்த அன்னிக்கு உங்களுக்கு எவ்வளவு கோபம் வந்துது?” இதுதான் என் முதல் கேள்வி. முப்பத்தேழு பேரிடமும் இதேதான். அவர்கள் பாவம், கோபம் வந்தது என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? ஒரு பெண்மணி, எங்கள் பள்ளிக்கூடத்தில் அம்மாக்களெல்லாம் சேர்ந்து ஏதோ மனு, என்று ஆரம்பிக்கிறாள். நான் அவளைப் பேசவிடாமல், “அதெல்லாம் சாக்கும்மா, மேலேர்ந்து வந்ததுதானே நிஜம்?” என்கிறேன். அவளும் ஆமாம் என்கிறாள். அமிஹான் என்னை நிமிர்ந்து பார்த்து, “இது பேட்டி இல்ல சார். நீங்க பாடம் நடத்தறீங்க, அவங்க ஒப்பிக்கறாங்க” என்றாள். முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கொடுக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, தப்பாகச் சொன்னாலும் திருத்தக் கூடாது, இதெல்லாம் அவள் முதல் நாளே எழுதிக் கொடுத்த விதிகள். எனக்கென்ன விதி என்று நான்தான் படிக்கவில்லை.

மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாள். வீம்புக்கு, நம்மை எல்லாம் ஜன்னலில் தொங்கவிட்ட பாசிங் அத்தையிடமே முதலில் போனேன். எண்பத்தாறு வயது. காதும் கண்ணும் நன்றாக இருக்கிறது, வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விதிப்படி, “அந்தத் தொடர் ஓடின காலத்தைப் பத்தி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு அத்தை?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அத்தை, “உங்கம்மா அழுத அழுகைதான் ஞாபகம் இருக்கு” என்றாள்.

அவள் சொன்னதைப் பதிவிலிருந்து அப்படியே இறக்கி எழுதுகிறேன். “ஒரு காகிதத்தோட வந்தா. அந்த நிகழ்ச்சிய நிறுத்தணும், பிள்ளைங்க அதப் பாத்துட்டு கையக் கால ஒடச்சுக்குதுங்கன்னு எழுதி, பள்ளிக்கூடத்து அம்மாமாரு கிட்டல்லாம் கையெழுத்து வாங்கிட்டிருந்தா. எனக்குச் சுருக்குன்னுச்சு. என் வீட்டு டிவில பாத்துட்டுத்தானே குதிச்சுதுங்க, அப்ப என்னையத்தானே குத்தம் சொல்றன்னேன். பொலபொலன்னு அழுதுட்டா. ‘இல்லக்கா, அவர் கிட்டச் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும்க்கா. இல்லேன்னா பையன உரிச்சிடுவாருக்கா’ன்னா. சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

அப்பாவின் தோல் வார் உனக்கும் ஞாபகம் இருக்கும். செருப்புக்கு அடித்தோல் வெட்டுகிறவர் வீட்டில் வாருக்கா பஞ்சம்.

நான் விதியை மறந்துவிட்டேன். குறுக்கே பாய்ந்தேன். என்னை எதற்கு உரிக்க வேண்டும், மிந்தா கூரையிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது நான் வினிகர் வாங்கக் கடைக்கல்லவா போயிருந்தேன் என்றேன். எனக்கு அது தெளிவாக ஞாபகம் இருக்கிறது, மிந்தா. பாட்டிலின் கழுத்தில் கட்டியிருந்த கயிறு, கையில் ஒட்டிய ஈரம், தெருமுனையில் திரும்பும்போது கேட்ட உன் அலறல், எல்லாம். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “கடைக்கா? நீயா? அட போடா. தோல் காயவைக்கிற கொட்டகைக் கூரை மேல மரமாட்டம் உக்காந்திருந்த. கூப்பிட்டா இறங்கல. ஏணி போட்டு, பின்னங்கழுத்தப் பிடிச்சு நான்தாண்டா இறக்கினேன். கால்சட்டையெல்லாம் ஈரம்.” அப்புறம் குரலைத் தணித்து, “நான் கோழிக்குத் தீனி போட்டுட்டிருந்தேன். சத்தம்தான் கேட்டேன். புள்ள குதிச்சுதா, சறுக்கிச்சா, வேற என்னவோ, நான் கேக்கல. உங்கம்மாவும் சொல்லல” என்றாள்.

அதோடு பதிவை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

போயெட்டின் கறுப்பு வெள்ளை டிவிக்குச் சிவப்பு வந்த மாதிரி, என் கைக்கு வினிகர் பாட்டில் வந்திருக்கிறது. அம்மாதான் கொடுத்திருக்க வேண்டும். அப்பாவிடம் அவள் சொன்னதை நான் நின்று கேட்டிருப்பேன், கேட்டுக் கேட்டு எனதாக்கிக்கொண்டேன். கூரையில் இருந்ததை எவ்வளவு தேடினாலும் என்னிடம் இல்லை. தகரத்தின் சூடுகூட இல்லை. இந்த மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததிலிருந்து அதே வேலையாக இருக்கிறேன். பதினொரு வயதுத் தளபதி, ஆறு வயது வீராங்கனை, அவ்வளவுதான் தெரிகிறது. தளபதி நானே. ரோபோவின் வலது கால் உனக்குக் கொடுத்த பதவி. ஆளுக்கொரு உறுப்பாக நாம் ரோபோ ஆகும் அந்த விளையாட்டில் காலாக இருப்பவர்தான் முதலில் பறக்க வேண்டும் என்று சட்டம் போட்டவனும் நானாகத்தான் இருப்பேன், வேறு யார் போடுவார்கள்?

அரண்மனையின் உத்தரவு பொய் என்று நான் சொல்லவில்லை, அதில் என்னை அசைக்க முடியாது. அம்மாவின் காகிதம் நம் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையின் மேஜையைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் அந்த மாதிரிக் காகிதங்களைக் காட்டித்தான் மேலே இருந்தவர்கள் தாங்கள் செய்ததை நியாயப்படுத்தினார்கள். அம்மாக்களின் பயமும் நிஜம், அதைப் பயன்படுத்திக்கொண்டவர்களும் நிஜம். இதைத்தான் நீ தேர்தல் நடந்த அந்த மே மாதம் போனில் நம் குடும்பக் குழுவில் எழுதினாய், பாதியையாவது. “அம்மாங்கதான் நிறுத்தச் சொன்னாங்க அண்ணா. எல்லாத்துக்கும் அந்தக் குடும்பத்தையே சொல்லாதே” என்று எழுதினாய். நீ அந்த அரண்மனைக்காரரின் பிள்ளைக்கு ஓட்டுக் கேட்டாய் என்ற ஆத்திரத்தில், நாற்பது உறவுக்காரர்கள் பார்க்க நான் என்ன எழுதினேன்? “உனக்கு அப்ப ஆறு வயசு. உன் ஞாபகத்தை யாரு கேட்டா?” இன்றும் உன் ஓட்டு எனக்குப் பிடிக்கவில்லை. நான் எழுதியதுதான் அதைவிட அசிங்கம்.

அதற்கு நீ ஒரே வரியில் என்னைச் சாய்த்திருக்கலாம். நான் கூரையில் இருந்ததை அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கலாம். இடது முழங்கையை நீட்டவே முடியாமல் நாற்பத்தாறு வருடம் வாழ்ந்தவள் நீ. அந்தக் கையோடு நர்ஸ் படிப்புப் படித்து, ஊரான் பெற்றவர்களைத் தூக்கிப் படுக்கவைத்துச் சம்பாதிக்கிறாய். நீ ஒன்றுமே எழுதாமல் குழுவைவிட்டுப் போனாய். நான் ஜெயித்ததாக நினைத்து அன்று பீர் வாங்கிக் குடித்தேன், மிந்தா. இதையும் எழுதிவிடுகிறேன்.

அமிஹானிடம் என் பேட்டியைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். முடியாது, அது அப்படியே இருக்கும், பக்கத்தில் இன்னொருத்தர் சொல்வதும் வரலாம் என்றாள். நீ சம்மதித்தால் அவளே உன்னிடம் பேசுவாள். அந்தப் பேச்சில் நான் இருக்கமாட்டேன். நீ கையெழுத்துப் போட்டால்தான் அச்சில் வரும்.

புத்தகம் கிடக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டும். முப்பத்தேழு பேரிடம் பதிலையும் சேர்த்துக் கேட்டவன் நான். உன்னிடம் அப்படிக் கேட்கமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கும் அந்த வார்த்தையை இங்கே எழுதினால், நீ இரக்கப்பட்டு “இல்ல அண்ணா” என்று சொல்லிவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அதனால் இவ்வளவுதான் என் கேள்வி: அன்றைக்குச் சாயங்காலம் கூரைமேல் என்ன நடந்தது?

இங்கே காலை ஏழு மணி, உனக்கு முந்தின நாள் மாலை ஐந்து. தினமும் அந்த நேரத்தில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதிவு செய்யமாட்டேன். நீ திட்டினாலும் சரி, நடுவில் நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்துத் தொடர்ந்தாலும் சரி.

தேவமாதா உன்னையும் ரமிலையும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். அங்கே பனி இடுப்பளவு கொட்டிக் கிடப்பதாக டெஸ்ஸி படம் காட்டினாள். உடைந்த எலும்பு குளிரில் குடையும் என்று போயெட் சொன்னார். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட உன்னைக் கேட்டதில்லை. கை வலிக்கிறதா, மிந்தா?

உன் அண்ணன்,
டெல்பின்.