சாட்சிக்குத் தைத்த சட்டை

பாய்,

இன்று காலை நீ தைத்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கத் தையல் இன்னும் படியவில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஈரத்துணி போட்டு அழுத்திப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியில் புதுக் கரி போட்டு ஊதிப் பார்த்தேன். அக்குளில் ஆரம்பித்து இடுப்புக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நெளிகிறது. குமணன்சாவடியில் இத்தனை வருஷமாக எவ்வளவோ துணி தேய்த்துவிட்டேன், எல்லாம் என் பெட்டிக்கு அடங்கின. உன் இந்தத் தையல் ஒன்றுதான் அடங்க மாட்டேன் என்கிறது. தைத்தவன் புத்திதானே தையலுக்கும் வரும்.

நாளைக்கு நான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பதறாதே, எவன் வேட்டியையும் நான் தொலைக்கவில்லை. முகப்பேரிலிருந்து இங்கே வேலைக்கு வந்துபோகிற ஒரு பெண், பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டும்போது ஒரு பைக் அவளைத் தூக்கிப் போட்டுவிட்டது. என் இஸ்திரி வண்டிக்கு நேர் எதிரே. பார்த்த சாட்சி நான். சாட்சி சொல்லப் போட்டுக்கொண்டு போக என்னிடம் இருப்பது இந்தச் சட்டைதான். நீ இதை அதற்கென்றேதானே தைத்தாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன் கடையில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான் ஒருத்தன். அவனைக் கிண்டல் செய்தால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு “இன்னா தாத்தா?” என்கிறான். இரண்டாம் தடவை சொன்னால் எந்தக் கிண்டல் ருசிக்கும்? உனக்கு இரண்டாம் தடவை சொன்னதே இல்லை. “நாளைக்கு ரெடி” என்று நீ வாடிக்கையாளரிடம் சொல்லும்போதெல்லாம் நான் இந்தப் பக்கமிருந்து “எந்த மாசத்து நாளைக்கு?” என்பேன். நீ ஊசியை வாயில் வைத்துக்கொண்டே முறைப்பாய். அந்த ஒரு பொய்யைத் தவிர வேறு பொய் உன் வாயில் நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டேன். அதற்கு வருகிறேன்.

அன்றைக்கு மத்தியானம் லைனிங் துணி வாங்க எதிர்ப்பக்கம் கிளம்பினாய். காதில் பென்சில், கையில் நீலச் சாக்கட்டி. பாதி ரோட்டில் நின்று எதிரே வந்தவனைக் காட்டி, “அந்தக் காலர பாரு நைனா, எந்தக் கசாப்புக்காரன் வெட்டுனானோ!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். அதற்குள் நின்றிருந்த பஸ்ஸை இடப்பக்கமாக முந்திக்கொண்டு ஒரு சின்ன லோடு வண்டி வந்தது. நீ விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை. சாக்கட்டி உருண்டு வந்ததைத்தான் பார்த்தேன்.

அந்த வண்டிக்காரன் ஒரு மூச்சு நேரம் நின்றான். கண்ணாடியில் உன்னைப் பார்த்தான். அப்புறம் போய்விட்டான். பார்த்த மனுஷன் எப்படிப் போனான் என்று இன்னும் எனக்கு யோசனைதான். அஞ்சாவதோடு நின்ற படிப்பில் எனக்கு உருப்படியாக வந்தது நம்பர் எழுதுவது ஒன்றுதான். உன் சாக்கட்டியைப் பொறுக்கி, அவன் நம்பரை என் வண்டிப் பலகையின் பக்கவாட்டில் எழுதிவிட்டு உன்னிடம் ஓடி வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ என் கையை விடவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. “காலு போயிடுமா நைனா?” என்று கேட்டாய். அப்போதுதான் டாக்டர் பெரிய ரிஜிஸ்தரைத் திறந்துகொண்டு, “எப்படி ஆச்சு?” என்றார். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே, அதைச் செய்தேன்.

“இவுரு ரோட்டப் பாத்து நடந்தாத்தானே சார்! எதுத்தாப்ல வர்றவன் சட்டைத் தையலப் பாத்துகினே போவாரு. தடுக்கிகினு தானா உளுந்துட்டாரு!”

நீ சிரித்தாய். அழுதுகொண்டே சிரித்தாய். டாக்டர் சிரிக்கவில்லை, எழுதினார். ஆஸ்பத்திரியில் யாராவது எதையாவது எழுதிக்கொண்டுதானே இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். விபத்து என்றால் போலீஸ் வரும் என்பார்களே, ஒருவரும் வரவில்லையே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

காலுக்குள் கம்பி வைத்து உன்னை அனுப்பினார்கள். மாசக்கணக்கில் கடையில் உட்கார்ந்து பூட்டிய மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் நசரத்பேட்டை வக்கீலம்மா தன் கறுப்புக் கோட்டைத் தேய்க்கக் கொண்டுவந்தாள். உன் காலைப் பார்த்துவிட்டு, “போலீஸ்ல எழுதிக் கொடுத்தீங்களா பெரியவரே?” என்று என்னைக் கேட்டாள்.

“எதுக்கும்மா? குறுக்கப் போனது நாங்க. எங்களாண்ட வண்டியும் இல்ல, இன்சூரன்சும் இல்ல.”

“உங்ககிட்ட எதுக்கு இருக்கணும்? வண்டிக்காரங்க கட்டாயமா கட்டுற இன்சூரன்சே, அந்த வண்டியால அடிபடுற மூணாவது ஆளுக்குத்தான்.”

“மூணாவது ஆளா? மொத ரெண்டு பேரு யாரு?”

“இன்சூரன்ஸ் கம்பெனி ஒண்ணு. வண்டி ஓனர் ரெண்டு. ரோட்டுல நடந்து போற நீங்க மூணு.”

நீ உள்ளேயிருந்து குரல் கொடுத்தாய். “பரவால்லம்மா, எங்க ஊட்ல நான் அஞ்சாவது ஆளு. இங்க ரெண்டு எடம் முன்னாடி கீறேன்.”

எனக்கோ ஆச்சரியம் அடங்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தன் வண்டிக்குக் கட்டுகிற காசில், நடந்துபோகிற நமக்கு ஒரு பாத்தியதை இருக்கிறதா? நாம் பிறந்ததிலிருந்து ஓரமாகத்தானே நடந்தோம், யாருமே சொல்லவில்லையே! அதற்கப்புறம் அவள் கோட்டு ஒன்றுக்குக் கேள்வி ஒன்று என்று வைத்துக்கொண்டேன். கோடு போடாத இடத்தில் தாண்டினால்? கவனக்குறைவு என்று கொஞ்சம் கழிப்பார்கள், உரிமையே போய்விடாது. சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு? செய்கிற தொழிலைப் பார்த்துக் கோர்ட்டே ஒரு வருமானம் வைக்கும். இடித்தது எந்த வண்டி என்றே தெரியாவிட்டால்? அதற்கும் சர்க்கார் ஒரு தொகை வைத்திருக்கிறது. “ஆனா மனுப் போட ஆறு மாசந்தான் கெடு, நாலு மாசம் ஓடிப்போச்சு” என்றாள். நான் பலகையில் எழுதிய நம்பரைக் காட்டினேன். நீ எழுந்து நடக்கும்வரை அதைத் துடைக்கக் கூடாது என்று ஒரு பிடிவாதத்தில் விட்டு வைத்திருந்தேன். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். போலீசில் எழுதிக் கொடுத்தோம், வண்டியும் கிடைத்தது, மனுவும் போட்டாள்.

ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரி நகலோடு வந்தாள். முகம் சரியில்லை.

“‘தானாகத் தடுக்கி விழுந்தார்’னு எழுதியிருக்கு. இத யார் சொன்னது?”

என் கையில் பெட்டி. கீழே யாருடையதோ வேட்டி. நீ என்னைப் பார்க்காமலே, “நான்தாம்மா. வலில ஏதோ ஒளறிட்டேன்” என்றாய். உன் வாயில் நான் கேட்ட அந்தப் பொய் இதுதான். வேட்டி தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினேன்.

“அடிபட்டவரே சொன்னாருன்னா கேஸ் நிக்கிறது கஷ்டம்” என்றாள் அவள்.

“நாந்தாம்மா சொன்னேன்” என்றேன். “இந்தாளு அழுதுகினு கெடந்தாரு. சிரிக்க வெக்கலாம்னு சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “கோர்ட்ல ஏறி இத அப்படியே சொல்வீங்களா?”

சொல்கிறேன் என்றுவிட்டேன். என்னிடம் இருந்தது லுங்கியும் பனியனும்தான். “இந்தக் கோலத்துல ஏறுனா ஜட்ஜு உன்னப் புடிச்சி உள்ள போட்டுருவாரு” என்று சொல்லிவிட்டு, ஆறு மாசத்துக்கு மேல் தொடாத மெஷினின் பூட்டைத் திறந்தாய். வலது கால் மிதிக்காது, இடது காலால் மிதித்தாய். முன்பெல்லாம் உன் மெஷின் சத்தம் மழை மாதிரி விடாமல் கேட்கும். அன்றைக்கு நின்று நின்று வந்தது. சட்டையைக் கையில் வாங்கியதும் என் பாழும் வாய் சும்மா இருந்ததா? “இன்னா பாய், பாம்பு போன தடமாட்டம் கீது?” என்றேன். நீ முறைக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து வைத்தாய். அப்போதுதான் உறைத்தது, அது நீ தைத்த முதல் கோணல் தையல் என்று.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் நல்ல மனுஷன் மாதிரிதான் ஆரம்பித்தார்.

“தானா விழுந்தாருன்னு டாக்டர்கிட்ட நீங்க சொன்னீங்க. இப்ப வண்டி இடிச்சுதுன்னு சொல்றீங்க. எது பொய்?”

“அப்ப சொன்னது வெளாட்டு. இப்ப சொல்றது நெசம்.”

“ஆபத்து நேரத்துல யாராவது விளையாடுவாங்களா?”

“ஆபத்துலதான் சார் வெளாடணும். நல்லா கீறவனுக்கு எதுக்கு?”

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “புதுச் சட்டையா? யார் வாங்கிக் கொடுத்தாங்க?” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “வாங்குலங்க, பாய் தச்சிக் குடுத்தாரு. போன வாரந்தான்!”

அவர் ஜட்ஜ் பக்கம் திரும்பினார். “ஐயா, மனுதாரர் இன்னும் தையல் வேலை செய்கிறார். சாட்சியே சொல்லிவிட்டார். வேறு கேள்வியில்லை.”

வக்கீலம்மா பேனாவை மூடினாள். உன் பக்கம் பார்த்தேன். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாய். இரண்டாம் தடவையாக என் நாக்கு உன் காலை வாரிவிட்டது.

“ஐயா, ஒரு நிமிசம்” என்று கையைத் தூக்கினேன். “இந்தத் தையல ஒரு வாட்டி பாத்துடுங்க. நான் துணி தேக்கிறவன். இவுரு தச்ச துணி ஆயிரக்கணக்குல என் கைமேல போயிருக்கு. நூல் புடிச்சாப்ல இருக்கும், பெட்டி தானா ஓடும். இத பாருங்க, மூணு எடத்துல வளையுது. கண்ணு நல்லாத்தான் கீது, கையும் நல்லாத்தான் கீது. காலு இல்லாத தையலு இது. இந்தச் சட்டைக்கு எவன் சார் கூலி குடுப்பான்?”

“மோட்டார் வைத்துக்கொள்ளலாமே” என்றார் கம்பெனி வக்கீல்.

“மோட்டாரையும் காலாலதானே சார் அமுக்கணும்?”

ஜட்ஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் விலாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அத்தனை பேர் நடுவில் உன் கோணலைத் தூக்கிக் காட்டிவிட்டேன் என்று எனக்குத் தெரியும்.

தீர்ப்பு உன் பக்கம் வந்தது. டாக்டரிடம் சொன்னது வேறொருவர் சொன்ன சொல், அதை அவரே ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருந்ததாம். தையல்காரருக்குக் கால்தான் தொழில் என்றும் இருந்ததாம். ரோட்டைக் கவனிக்காமல் தாண்டியதற்குக் கொஞ்சம் கழித்திருந்தார்கள். “அந்தக் காலரால போச்சு” என்றாய். சட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று வக்கீலம்மா சொன்னாள். அப்படியானால் எது ஜெயித்தது? பலகையில் எழுதிய நம்பரா, கால் இனி மிதிக்காது என்று மெடிக்கல் போர்டு கொடுத்த காகிதமா, இந்த நெளிசலா? இன்றைக்கும் தேய்க்கும்போது அதைத்தான் யோசிக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? எனக்காக ஏன் பொய் சொன்னாய் என்று. நீ நஷ்டஈட்டுக் காசில் வாங்கிய புது மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னாய்: “அன்னிக்கி நீ சொன்னதுக்கு சிரிச்சேன் பாரு, அப்பத்தான் நைனா நான் சாவலன்னு எனக்கே தெரிஞ்சிது. அத எப்டி உம்மேல குத்தமா எழுத விடுவேன்?” அதோடு விட்டாயா? “ஆனா ஜட்ஜு முன்னாடி என் மானத்த வாங்கிட்ட. கயட்டு அந்தச் சட்டைய. பிரிச்சி நேரா தச்சித் தரேன்.”

“எப்ப தருவ?”

“நாளைக்கு ரெடி.”

அதனால்தானே கொடுக்கவில்லை! பார்க்கும்போதெல்லாம் கேட்டாய். மார் அடைத்துக் கிடந்த நாளிலும், மூச்சுக்கு நடுவே என் சட்டை ஓரத்தை விரலால் பிடித்துத் தையலைத் தடவிப் பார்த்தாய். அன்றைக்கு அதைத்தான் போட்டிருந்தேன்.

முகப்பேர்ப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் நான்தான். அவளும் அழுதாள். எனக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது, நல்ல ஒன்று, நீ இருந்தால் சொல்லியிருப்பேன். டாக்டர் ரிஜிஸ்தரைத் திறந்தார். “ரோடு தாண்டுச்சி சார், பைக்கு இடிச்சிது, இதான் நம்பரு” என்று மட்டும் சொன்னேன். அவர் எழுதி மூடும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அவளைச் சிரிக்க வைத்தேன்.

சட்டையை மடித்து வைத்துவிட்டேன் பாய். நாளைக்கும் எந்த வக்கீலாவது இதை யார் தைத்தது என்று கேட்டால் சொல்லுவேன். என் பேச்சு நேராக இருக்கும். தையல் கோணலாகவே இருக்கட்டும்.