நன்றிநாள் மிச்சம்

நவம்பர் 23, புதன்

காலையில் மூடுபனி. எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் தனியாக மிதந்தன. குவைத்தில் நாங்கள் இருக்கும் பேட்டை, இன்று அப்பாசியா இல்லாத அப்பாசியா. வெயில் வந்ததும் பழையபடி எல்லாம் திரும்பி வந்துவிட்டது, மளிகைக்கடைப் பலகைகள், பள்ளி பஸ், மீன் வாடை.

நாளை லிண்டா வீட்டில் விருந்து. அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி. மேடம் என்று கூப்பிடக் கூடாது என்கிறார். பெயர் வாயில் வருவதில்லை. அதனால் எதுவும் சொல்லாமல் அவர் நிமிரும்வரை மேசை அருகே நிற்பது என் வழக்கம்.

அவர்கள் அமெரிக்காவில் நன்றி சொல்லும் நாளாம். வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்குகிற என்னையும் அழைத்திருக்கிறார்.

செய்ய வேண்டியவை:
நீலச் சட்டை இஸ்திரி.
இனிப்புப் பெட்டி ஒன்று.
கத்தி எந்தக் கையில், முள்கரண்டி எந்தக் கையில். யாரிடம் கேட்பது?

அறைத்தோழர் ஷாகுல் அண்ணன், நாகூர்க்காரர், முர்காப் கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருப்பவர், கட்டிலில் படுத்தபடியே: "வான்கோழியாம்ல? ஊர்ல அது நம்மளத் துரத்தும். நீ அதத் திங்கப் போறே. ஹலாலான்னு கேட்டுக்கடா. ஹலால்னா எனக்கும் ஒரு கால் கட்டிட்டு வா."

நவம்பர் 24, வியாழன்

நல்ல வெயில். மங்காஃபில் லிண்டா வீடு, கடலைப் பார்த்த மூன்றாம் மாடி.

பார்த்தவை, வரிசை இல்லாமல்:

விருந்து பிற்பகல் நாலு மணிக்கு. மதியச் சாப்பாடும் இல்லை, இரவுச் சாப்பாடும் இல்லை.

கம்பளத்தில் ஷூவோடு நடக்கிறார்கள். நான் வாசலில் கழற்றினேன். காலுறையில் ஓட்டை. எல்லோரும் பார்க்காததுபோல இருந்தார்கள். அது இன்னும் மோசம்.

லி.யின் கணவர் டேவ் ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினார். ஒருவரும் கேலி செய்யவில்லை.

அவர்களுடைய சின்ன மகள், எங்கள் அலுவலகத்துத் தலை நரைத்த என்ஜினியரை "ஃப்ராங்க்" என்று கூப்பிட்டாள். நான் "சார்" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசியல். அதன்மேல் பஞ்சுபோல வெள்ளை மிட்டாய். அதைக் கறியோடு.

நான் கொண்டுபோன மைசூர்பாகை என் கண் முன்னாலேயே பிரித்து, ஆளுக்கு ஒன்று எடுத்து, கத்திக் கூவிப் பாராட்டினார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மேசைக்கடியில் நாய். பெயர் ஹென்றி.

சாப்பிடும் முன் கைகோத்துக்கொண்டு ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். டேவ் மனைவிக்குச் சொன்னார். மகள் நாய்க்கு. ஃப்ராங்க் தன் புது முழங்காலுக்கு. என் முறை. "இந்த வேலைக்கு." லி. என் கையை அழுத்தினார். வியர்த்தது.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அம்மாவிடம் ஒருநாள் சொல்லியிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள்.

டேவ் யாரையோ அழைத்துவர விமான நிலையம் போக வேண்டும், வழியில் என்னை விடுகிறேன் என்றார். மற்றவர்கள் மேசையிலேயே இருந்தார்கள். நான் மட்டும் எழுந்தேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. எல்லோரும் கரண்டி விட்டு எடுத்த பாத்திரங்களிலிருந்து லி. வழித்து வழித்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டார். இரண்டு வாய் ஹென்றியின் கிண்ணத்திலும். பிறகு பாத்திரத்தை வெள்ளித்தாளால் மூடி என் கையில் கொடுத்தார். "மிச்சம்," என்றார், சிரித்துக்கொண்டே. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லையேதான் சொன்னார்.

கார் முழுக்க மடியில் அதன் சூடு. டேவ் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். நாய்க்கு ஒன்று, எனக்கு ஒன்று. மனதில் வேறு எதுவும் ஓடவில்லை.

இறங்கி, கார் போகும்வரை கை காட்டி, எதிர்ப்புறம் இருக்கும் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியில் பாத்திரத்தோடு போட்டேன். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹாரிஸ் யாருடைய காரையோ துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தானா தெரியவில்லை.

நவம்பர் 25, வெள்ளி

விடுமுறை. காற்று. துணி காயப்போட்டேன், மணல் ஒட்டியது, மறுபடி அலசினேன்.

ஷா. அண்ணன்: "கால் எங்கடா?"

"ஒண்ணும் தரலண்ணே."

"வெறுங்கையோடயா அனுப்புனாங்க? போன மாசம் நோன்புக் கஞ்சிய நாம இந்தக் கட்டடம் பூரா குடுத்தோம். பாவம், பழக்கம் தெரியாத சனம்."

சரி என்றேன்.

மிச்சம் என்ற சொல்லுக்கு இவ்வளவு கோபம் எதற்கு? எனக்குத் தெரியும். மாட்டுக்கொட்டில் கூட்ட வந்த அமிர்தம். கொல்லைப்புறம். ராத்திரிச் சோறும் குழம்பும் ஒன்றாய்க் கலந்தது. அலுமினியப் பாத்திரத்தை அவள் தரையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போக வேண்டும். அம்மா உயரத்திலிருந்து ஊற்றுவாள். அம்மாவுக்கு முடியாத நாட்களில் நான். அமிர்தம் என்ன நினைத்தாள் என்று யோசித்ததே இல்லை. நேற்றுத்தான் முதல்முறை, அதுவும் எனக்கு நேர்ந்துவிட்டது என்று நினைத்ததால்.

நவம்பர் 26, சனி

மேகம். வேலை. புதுச் சுற்று வரைபடங்கள் ஒரு கட்டு.

மதியம் ஃப்ராங்க் தன் மேசையில் தடிமனான ரொட்டி தின்றுகொண்டிருந்தார். உள்ளே வான்கோழி, கிழங்கு, அந்தப் பஞ்சுமிட்டாய்கூட. "லிண்டா கட்டிக் கொடுத்தது. மூன்றாம் நாள் மிச்சம். விருந்தைவிட இதுதான் முக்கியம். நீயும் தின்கிறாய் அல்லவா?"

எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். வரிசையாக. ஃப்ராங்குக்கு இரண்டு பொட்டலம். முதலில் எழுந்ததால் எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்.

கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

திரும்பினால் லி. என் மேசையில்: "நீ கடைசி இனிப்பு வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டாய். அதனால் பெரிய துண்டாக அடியில் வைத்தேன். பீக்கன் பை, பாகும் கொட்டையும் வைத்துச் சுட்டது. முதல்முறை செய்தது. உண்மையைச் சொல்."

"ரொம்ப நன்றாக இருந்தது."

"எல்லோரும் அதையே சொல்கிறார்கள். யோசித்துச் சொல்." பிறகு, போகிற போக்கில்: "பாத்திரத்துக்கு அவசரமில்லை. தொலைத்துவிடாதே. அம்மாவுடையது. அவள் போனபிறகு தங்கையோடு சண்டை போட்டு எடுத்துவந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக்கில்தான் கொடுத்தேன். நீ பத்திரமாக வைப்பாய் என்று தெரியும்."

வெள்ளைக் கண்ணாடி. பக்கவாட்டில் நீலப் பூ. இப்போதுதான் அது எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன்.

நவம்பர் 27, ஞாயிறு

தூறல். இந்த வருடத்தின் முதல் மழை. பிள்ளைகள் பால்கனியில் கத்தின.

வேலைக்குப் போகும் முன் தொட்டியருகே போனேன். காலி. நகராட்சியின் பலதியா வண்டி தினமும் வந்து அள்ளிக்கொண்டு போவது தெரியாதா என்ன. இருந்தும் எட்டிப் பார்த்தேன்.

பின்னால் ஹாரிஸ். "என்னா சார் தேடுறீங்க?"

"ஒரு பேப்பர்."

"பேப்பரா?" என்றான். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டதுபோல இருந்தது.

சாயங்காலம் படிக்கட்டின் அடியில் இருக்கும் அவன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அடுப்பு. மடித்த பாய். அலமாரியில் நீலப் பூ, அதில் வெங்காயம்.

நின்றேன். மேலே ஏறிவிட்டேன்.

யோசித்த வழிகள்: அதேபோல் வேறொன்று வாங்குவது (எங்கே?). ஷா. அண்ணனை அனுப்புவது (என்ன சொல்லி?). உடைந்துவிட்டது என்று லி.யிடம் சொல்வது. அவர் மன்னித்துவிடுவார். அதுதான் தாங்காது.

நவம்பர் 28, திங்கள்

மழை விட்டது. தெருவெல்லாம் குட்டை.

கேட்டுவிட்டேன். வேலை முடிந்து வந்ததும், அலுவலகப் பை கையில் இருக்கும்போதே, யோசிப்பதற்கு முன்.

"அந்தக் கண்ணாடிப் பாத்திரம்..."

"ஒங்களோடதுதானே சார். தெரியும். நீங்க போடயில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். குப்பைப்பை மேல விழுந்துச்சு, ஒடையல." வெங்காயத்தைத் தரையில் கொட்டினான். "ஒரு கொரல் குடுத்திருந்தா கையில வாங்கியிருப்பேன்ல?"

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"பின்ன? சூடா இருந்துச்சு, தாளு பிரியவே இல்ல. வெள்ளக்காரங்க சமையலா? கறி சப்புனு இருந்துச்சு. கெழங்குல யாரோ மிட்டாயக் கொட்டிட்டாங்க. அடியில ஒண்ணு இருந்துச்சு பாருங்க, பாகும் கொட்டையுமா, அதுதான் ஏ ஒன். எங்க ஊரு பொருவிளங்கா உருண்டை மாதிரி. பல்லு மட்டும் ஒடையல."

சிரித்துவிட்டேன். அவனும். அப்புறம் என் வாய் தானாகக் கேட்டது: "எந்த ஊரு?"

"ஜெயங்கொண்டம் பக்கம்."

"பக்கம்னா, ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுவது என்று கேட்பவனுக்கும் தெரியும், கேட்கப்படுபவனுக்கும் தெரியும். கொட்டிய வெங்காயத்தைக் கூட்டி ஓரமாகத் தள்ளினான்.

"ஊருக்கு வெளிய சார்," என்றான். பிறகு: "குவைத்துல எல்லாரும் ஊருக்கு வெளியதானே."

பெயர் தங்கராசு. இந்தக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து, காவலாளுக்கான அரபுச் சொல்லால், ஹாரிஸ், ஹாரிஸ். இன்றுதான் பெயர். என்னைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். அவன், அவன் என்றே எழுதியிருக்கிறேன். லி. மட்டும் முதல் வரியிலிருந்தே அவர்.

இப்போது கதவைத் தட்டி, பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தேய்த்துத் துடைத்து, பளபளவென்று. உள்ளே பேரீச்சம்பழம், பெருநாளுக்குக் கட்டடச் சொந்தக்காரர் அவருக்குக் கொடுத்த பெட்டியிலிருந்து.

"வெறும் பாத்திரமாத் திருப்பக் கூடாது. அந்தம்மாகிட்ட குடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க. சாப்பாடு போட்ட கை."

"கண்டிப்பா."

பழங்களைச் செய்தித்தாளில் எடுத்து வைத்தேன். சோப்புப் போட்டு, உள்ளும் புறமும் தேய்த்து, இரண்டு தரம் அலசி, துடைக்கும்போதுதான் கவனித்தேன்.

அது ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

குழாயை மூடவில்லை. ஷா. அண்ணன் உள்ளேயிருந்து, "தண்ணியக் கெடுக்காதேடா!"

நவம்பர் 29, செவ்வாய்

தெளிந்த வானம். குளிர ஆரம்பித்துவிட்டது.

லி. வெள்ளித்தாளைப் பிரித்ததும் கைகளை விரித்தார். "நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறாய்! என் பாட்டியும் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டாள். உங்கள் ஊரிலும் அப்படியா?"

"ஆமாம்."

பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்திருந்தேன்: இது தங்கராசு கொடுத்தது, எங்கள் கட்டடத்தில் இருப்பவர். அடுத்த கேள்வி, அவரிடம் எப்படிப் போயிற்று என்பது. அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுபோனது.

நின்றபடியே ஒரு பழம் தின்றார். கண்ணை மூடினார். "இப்போது சொல். பீக்கன் பை. உண்மையாக."

"எங்கள் பக்கம் ஓர் இனிப்பு உருண்டை உண்டு," என்று ஆரம்பித்தேன். "பாகும் பருப்பும். பல்லை உடைத்துவிடும். உங்கள் பை, பல்லை உடைக்காத அந்த உருண்டை."

லி. சிரித்த சிரிப்பில் ஃப்ராங்க் எட்டிப் பார்த்தார். அவரிடம் சொன்னார். ஃப்ராங்க் அடுத்த அறையில் சொன்னார். மாலைக்குள் மாடி முழுக்க. நான் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவேன் என்று யாருக்கும் தெரியாதாம்.

"தேங்க் யூ," என்றார் லி., பாத்திரத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. "பழத்துக்கு. பத்திரமாக வைத்திருந்ததற்கும்."

பரவாயில்லை என்றேன்.

நவம்பர் 30, புதன்

மறுபடி மூடுபனி. பஸ் தாமதம்.

படியிறங்கும்போது தங்கராசு, கையில் வாளியோடு. நேற்று முழுக்க அவரைத் தவிர்த்திருந்தேன்.

"தம்பி, குடுத்தீங்களா?" சார் போய்விட்டது.

"குடுத்தேன்."

"பழம் புடிச்சுதாமா?"

"ரொம்ப. நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க."

"நான் குடுத்தேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

வாளியைக் கீழே வைத்தார். "என்னா சொன்னாங்க?"

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"எம் பேரச் சொல்லியா?"

"ஆமா."

"இங்கிலீசுல எப்படிச் சொன்னாங்க? அந்தம்மா சொன்ன மாதிரியே சொல்லுங்க பாப்போம்."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"தேங்க் யூ, தங்கராசு," என்றேன்.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "இன்னொருக்க சொல்லுங்க தம்பி," என்றார்.

சொன்னேன்.