இன்பமலரின் முதல் நன்மை

12 மார்ச் 1974

கொழும்பிலிருந்து காலை றெயினால் வந்து இறங்கினோம். உடம்பு நோகிறது. மனம் அதைவிட.

இங்கிலாந்தில் படித்த டாக்குத்தராம். இன்பமலருக்கு ஒன்பது வயது, பேச்சில்லை, முகம் பார்க்கமாட்டாள், தொட்டால் கத்துவாள் என்று எல்லாம் சொன்னேன். வருத்தத்துக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்: ஓட்டிசம். மருந்தில்லை. பிறகு பேனையை மூடிக்கொண்டு, "தாய் பாசம் காட்டாட்டில் பிள்ளை இப்பிடி ஒதுங்கும் எண்டு புத்தகங்களில இருக்கு" என்றார்.

பாசமில்லாத தாய் நான்! மெத்தென்ற சாப்பாடு எதையும் துப்புகிறாள் என்று, பாண் ரொட்டியைத் தணலில் வாட்டி மொறுமொறுவென்று ஊட்டி வளர்த்தது யார்? புத்தகம் எழுதினவனா?

இவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பெற்ற தகப்பன். ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

31 மார்ச், ஞாயிறு

வழக்கம்போல இவர் கோயிலுக்குள் கடைசி வாங்கில் இருப்பார், கத்துவாள் என்று நான் பிள்ளையோடு வெளியே வெயிலில். பூசை எனக்குக் காதால்தான்.

இந்த வருஷம் முதல்முறையாகப் பூசை அப்பத்தை நாக்கில் வாங்கி முதல் நன்மை எடுக்கப்போகும் பிள்ளைகளின் பேரைக் கொடுக்கச் சொன்னார்கள். ஞானோபதேசம் படிப்பிக்கும் பாக்கியரத்தினம் ரீச்சரிடம் போனேன்.

"கோவியாதேங்கோ மாகிரட். இது வாயே திறக்காது. சுவாமியிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் எப்பிடிச் செய்யும்?"

இது! என்ர பிள்ளை இது!

"அவளுக்கு என்ன பாவம் ரீச்சர் இருக்கு? நீங்களே ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்." சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

2 ஏப்ரல்

பங்குச் சுவாமியிடம் போனேன். பாவசங்கீர்த்தனம் பெரிய விஷயமில்லையாம். "வாயில வைச்ச நன்மையைத் துப்பிப்போட்டாளெண்டால், மாகிரட்? அது ஆண்டவற்ர சரீரம்."

அவர் கேட்டது சரி. அதனால்தான் இன்னும் கோபம்.

5 ஏப்ரல்

கன்னியர் மடத்தில் நன்மை அப்பம் சுடுகிறார்கள். வட்டம் வட்டமாக வெட்டியபின் மிஞ்சும் ஓரங்களை, போகிற வருகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். மந்திரிக்காதது, வெறும் மாவும் தண்ணீரும். ஒரு பை நிறைய வாங்கி வந்தேன்.

குசினி அடுப்படியில் அவளுக்கு முன்னால் நான் முழங்காலில் நின்று காட்டினேன். பார்க்காத மாதிரி நின்றாள். பிறகு தானும் நின்றாள். நாக்கில் ஒரு துண்டு வைத்தேன்.

துப்பவில்லை! தின்று முடித்து வாயைத் திறந்தாள். இன்னொன்று வைத்தேன். திரும்பவும் திறந்தாள். பை முடியும்வரை கொடுத்தேன்.

இவர் எட்டிப் பார்த்து, "உனக்கு வேற வேலையில்லை" என்று சொல்லிக்கொண்டு போனார்.

20 ஏப்ரல்

இன்றும் துப்பவில்லை.

26 மே

அவள் துப்புவதில்லை என்று சொன்னபின் சுவாமி சம்மதம். ஆனால் எப்படி? மற்றப் பிள்ளைகளுக்கு ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. இவளுக்கு அதற்கு முதல் நாள் சனிக்கிழமை, சுவாமி உடுப்பு மாற்றும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு! "பிள்ளைக்கும் கரைச்சல் இல்லை, மற்றவைக்கும் கரைச்சல் இல்லை. என்ன அல்பிரட்?"

"ஓம் சுவாமி, பெரிய உபகாரம்" என்றார் இவர், கை கட்டிக்கொண்டு.

வழியில் கேட்டேன்: "என்ன களவெடுத்தவள் என்ர பிள்ளை, பின்கதவால போக?"

"ஆக்கள் சிரிப்பினம், மாகிரட். எனக்கு ஏலாது."

துறைமுகத்தில் அந்த உயரத்தில் ஏறியிருந்து கிரேன் ஓட்டுகிற மனிசனுக்கு இது ஏலாதாம்.

8 ஜூன்

பக்கத்து வீட்டு ஜெமீலா வெள்ளைச் சட்டை தைத்துக் கொண்டுவந்தாள். தோய்த்துத் தோய்த்து மிருதுவான பழைய சீலையில், கழுத்துப் பட்டி இல்லாமல். தையலெல்லாம் வெளிப்பக்கம். உள்ளே உரசினால் இன்பமலர் கிழித்துவிடுவாள் என்று கண்டு வைத்திருக்கிறாள்.

"ஆராவது கேட்டா, ஜெமீலாக்குத் தைக்கத் தெரியா எண்டு சொல்லுங்க அக்கா."

அவள் போனபின் அழுதேன்.

16 ஜூன், ஞாயிறு

நேற்றுச் சுவாமியின் அறைக்குப் போகவில்லை. இன்று கோயிலுக்குப் போனேன். இவர் கடைசி வாங்குக்குப் போய்விட்டார்.

வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளின் வரிசையில் இன்பமலரை நிறுத்தினேன். ரீச்சர் கையை நீட்டி மறித்தார். தட்டிவிட்டேன். பீடத்துக்கு முன்னால் உள்ள தடுப்புக் கிராதியில் முழங்காலில் நிற்கவைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். சுவாமி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கொடுத்தார்.

விழுங்கினாள். துப்பவில்லை.

பிறகு வாயைத் திறந்தாள்.

மடைச்சி நான்! ஒன்றோடு நிறுத்த ஒருநாளாவது பழக்கினேனா? சுவாமி அடுத்த பிள்ளைக்குப் போக, இவளும் எழும்பி அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நெருக்கி முழங்காலில் நின்று வாயைத் திறந்தாள். அதற்கடுத்த பிள்ளையிடமும் போனாள். யாரோ சிரித்தார்கள். ரீச்சர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். பிடித்தால் விடுவாளா? நிலத்தில் விழுந்து கத்தத் தொடங்கினாள். ரீச்சர் கையை விடவில்லை. நடுவில் பிள்ளைகள், என்னால் கிட்டப் போக ஏலவில்லை.

சனம் விலகியது. இவர் கோயில் நடுவால், எல்லாருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தார். தூக்கிக்கொண்டு வெளியே ஓடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கையை விடுங்கோ ரீச்சர். இவள் என்ர மகள்."

தொடவில்லை. கஞ்சி போட்ட களிசான் கசங்க அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டார். கத்தி ஓயும்வரை இருந்தார். பூசை காத்துக்கொண்டு நின்றது.

17 ஜூன்

கோயில் நிலத்துத் தூசு பட்ட களிசானைத் தோய்த்துத் திரும்பவும் கஞ்சி போட்டேன்.

23 ஜூன், ஞாயிறு

ரீச்சர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பட்டும். எனக்கும் ஆறவில்லை. அந்தக் கொழும்பு டாக்குத்தர்மேலும் ஆறவில்லை, இவர்மேலும் முழுக்க ஆறவில்லை. ஒன்பது வருஷக் கோபம் ஒரு பூசையோடு போய்விடுமா?

நான் வழக்கம்போல வெளியே நின்றுவிட்டேன். இவர் வாசலில் திரும்பி, "என்ன நிக்கிறாய், வா" என்றார். பிள்ளை அவருக்குப் பின்னால் போனாள், கடைசி வாங்கையும் தாண்டி.

பிரசங்கத்தின் நடுவில் அவள் கூவினாள். முன் வாங்குக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். இவரும் அவர்களைப் பார்த்தார், அவர்கள் திரும்பும்வரை.

பூசை முடியுமட்டும் நான் உள்ளே இருந்தேன்.