பன்னிரண்டாவது நாற்காலி

2.8.2009, ஞாயிறு

செந்தமிழ்செல்வன் சார் போன் செய்தார். ரிட்டயர் ஆகியும் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆட்களை மேய்ப்பதை அவர் விடவில்லை. பதினாறாம் தேதி சிதம்பரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில், பழைய பாட்டும் மிமிக்ரியும் போட்டியுமாக நிகழ்ச்சியாம். கடலூரிலிருந்து வேன். முன்வரிசையில் நமக்குப் பன்னிரண்டு நாற்காலி, மீதிப் பேர் பின்னால், எல்லாம் சீனியாரிட்டி லிஸ்ட் படி என்றார்.

பன்னிரண்டாவது பொன்னி. பதிமூன்றாவது நான்.

ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வயதில் என்னைவிடப் பத்தொன்பது நாள் மூத்தவள், அதனால் லிஸ்டில் மேலே. சூப்பர்வைசர் பதவி முதலில் அவளுக்கு. குவார்ட்டர்ஸ் முதலில் அவளுக்கு. இப்போது நாற்காலியும்.

9.8.2009

சார்லஸிடம் சொன்னேன். "நாக்காலிக்கா இந்தப் பாடு? வூட்ல நாலு கெடக்கு, எதுல வேணா குந்து" என்கிறார். புருஷனிடம் சொன்னது என் தப்பு.

16.8.2009

நீலப் பட்டுப் புடவையை எடுத்து வைத்தேன். அவள் எதைக் கட்டுவாளோ.

17.8.2009

அவள் மெரூன் பட்டு. வேனில், "முட்டி வலி எப்படிடி இருக்கு?" என்று கேட்டேன். பதிலே இல்லை, ஜன்னலைப் பார்க்கிறாள். திமிர்.

மண்டபத்தில் அவள் கொண்டை பாதி மேடையை மறைத்தது. மிமிக்ரிக்காரர் ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து ஓயும்போது இவள் தனியாக ஆரம்பிப்பாள். அவர் அதைக் கவனித்து, "மெரூன் பொடவைம்மா, போட்டிக்கு மேல வாங்க" என்று கையசைத்துக் கூப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

டிக்கெட்டின் பின்னால் பத்துப் பாட்டு, நம்பர் போட்டு அச்சடித்திருந்தது. வாசிக்கும் இசை எந்தப் பாட்டு என்று நம்பர் சொல்ல வேண்டும். வாசித்தார்கள். ஏழு! எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் புன்னகைத்தாள். மறுபடி வாசித்தார்கள். "என்ன நம்பரும்மா?" என்றதற்கு, "ரொம்ப நல்லாருந்துதுங்க" என்றாள். மண்டபமே சிரித்தது. நானும்தான்.

அப்போது என்னைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எக்ஸ்சேஞ்ச் போர்டில் எல்லா லைன் விளக்கும் ஒன்றாக எரிந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தாளே, அதே பார்வை. ஐயோ — இவளுக்குக் காது கேட்கவில்லை.

காதில் ஹெட்போனும் வாயில் பேச்சுமாக இருக்கும்போது, லைன் நம்பரைப் பக்கத்து ஆளுக்குக் கையால்தான் காட்டுவோம். மூக்கைத் தொட்டால் ஐந்து. என் கை தானாக மூக்குக்குப் போனது, பிறகு இரண்டு விரல்.

"ஏழு!" என்றாள். கைதட்டல். பரிசு, ஒரு பெரிய ஹாட் பாக்ஸ்.

சொல்லிக் குடுத்தது நானு, தூக்கிட்டுப் போறது அவளு! கர்த்தரே, எல்லாம் தெரிஞ்சும் எரியுதே எனக்கு!

23.8.2009

பொன்னி வந்தாள், ஹாட் பாக்ஸோடு. "ரெண்டு காதும் அடைச்சுப் போச்சுடி ஜான்சி. மெஷினு மாட்டுனா கெழவின்னுடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. வேன்ல எதுனா கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஹாட் பாக்ஸ் வேண்டாம் என்றும் தலையாட்டினேன். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டேன்.

16.8.2010

நேற்று மறுபடியும் சிதம்பரம், அதே மண்டபம். மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்து பொன்னி பின்வரிசைக்குப் போய்விட்டாள். லிஸ்ட் படி பன்னிரண்டாவது நாற்காலி எனக்கு வந்தது. முழு மேடையும் தெரிந்தது. முதல் ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் அவள் சத்தம் மட்டும் இல்லை.

இரண்டாவது ஜோக்குக்கு முன் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிரிக்கும் இடம் வந்தால் முழங்கையால் இடிப்பது என்று ஏற்பாடு.

இடித்த கையோடு சிரித்துவிடுகிறாள், எனக்கு முன்னால்.