நிக்கல் பட்டைக்குக் கருப்பு பெயிண்ட்

4-12-78, திங்கள்
காலையில் பனி, எட்டு மணிக்கு மேல் நல்ல வெயில். எஸ்டேட் துரையை மஞ்சக்குட்டையில் விட்டுத் திரும்பும்போது மறுபடியும் அந்தக் கண்கூச்சம். பானெட் நடுவில் ஓடும் நிக்கல் பட்டையில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. எதிரே வந்த ஜீப் கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது. ஜீப்காரன் என் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். பதினாறு வருஷமாக அதே எஸ்டேட் கார், அதே பட்டை. இந்த ஆடியிலிருந்து மட்டும் ஏன்?

துரையிடம் பட்டையைப் பற்றிச் சொன்னேன். "கருப்பு அடிச்சுரு அந்தோணி. இருவதாந் தேதிக்குள்ள முடிச்சிரோணும். சின்னம்மாளச் சேலம் ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேக்கோணுமே." சின்னம்மா அவர் மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறார். மாசாமாசம் டாக்டரிடம் கொண்டுபோவதும் நான்தான்.

வாங்க: பளபளப்பில்லாத கருப்பு பெயிண்ட், பிரஷ், வீட்டுக்காரி லூர்துக்கு இருமல் மருந்து.

6-12, புதன்
நேற்று அடித்தது இன்று துணி பட்டதும் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது. டவுன் பெயிண்டர் ராமலிங்கத்திடம் கேட்டால் சிரிக்கிறான். "நிக்கல் மேல அப்படியே அடிச்சா எப்படிங்க புடிக்கும்? எமரித்தாள் போட்டுச் சொரசொரன்னு தேச்சு, பிரைமர் குடுத்து, அப்பறம் அடிக்கோணுங்க."

தினமும் மெழுகு போட்டுத் துடைத்த பட்டை. தேய்க்க மனசே வரவில்லை. தேய்த்தேன். விரலெல்லாம் எரிச்சல்.

இருமல் மருந்து மறந்துபோச்சு. லூர்து பேசவில்லை.

8-12, வெள்ளி
மாதா திருநாள். காலைப் பூசை. பட்டை நன்றாகவே வந்திருக்கிறது, நம் கைக்கு இவ்வளவு வருமா என்று எனக்கே ஆச்சரியம். நாகலூர் வரை ஓட்டிப் பார்த்தேன். கூச்சம் குறையவில்லை. கண்ணாடி ஓரப் பட்டையாக இருக்குமோ? வைப்பரோ?

9-12, சனி
கண்ணாடி ஓரம், வைப்பர், ஹெட்லைட் வளையம் எல்லாம் கருப்பு. லூர்து வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, காருக்கு மை தீட்டி மாப்பிள்ளை ஊட்டுக்கா அனுப்பறீங்க?" என்றாள். பேசிவிட்டாள், அதுவே போதும்.

பம்பரையும் அடித்தேன். ஓட்டுகிறவன் கண்ணுக்குப் பம்பர் தெரியவே தெரியாது. பிறகு எதற்கு அடித்தேன்?

12-12, செவ்வாய்
பானெட் முழுக்கச் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளியூர்ப் பக்கம் ஓட்டினேன். காப்பிப்பழம் பறிக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கூச்சம் அப்படியேதான் இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. தலை வலி.

சாயங்காலம் சின்னம்மா காரைச் சுற்றி வந்து பார்த்தார். "திருடன் மாதிரி இருக்குதுங்கண்ணா!" என்று சிரித்தார். பிறகு, "நீங்க ஓட்டுனா எனக்குப் பயமே இல்லீங்க. வேற டிரைவர் வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேன்." சந்தோஷப்படவேண்டிய பேச்சு. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன்.

15-12, வெள்ளி
மூடுபனி. பத்து மணிக்கும் சூரியனைக் காணோம். டயர் வாங்கச் சேலம். மலை இறங்கும்போது ஒரு வளைவில் பஸ் லைட் போட்டு ஏறி வந்தது. இரண்டு லைட்டும் ஒரே வெள்ளை வட்டமாகி ரோட்டையே மூடிவிட்டது. பிரேக் போட்டு நின்றேன். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க, நடு ரோட்டுல நிக்கறீங்களே!" என்றார். நான் ஓரமாக நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் இல்லை. காரிலும் மின்னுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் பஸ் கலங்கலாகத் தெரிந்தது. வலது கண்ணில் பஸ்ஸே இல்லை, வெறும் வெளிச்சம்.

சேலம் போகாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு திரும்பினேன். லூர்திடம் சொல்லவில்லை. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும்.

16-12, சனி
துரை இல்லை. சின்னம்மாவிடமே சொன்னேன். "கண்ணு தெரியலைங்க சின்னம்மா. கார் மேல தப்பில்லைங்க."

சின்னம்மா நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை நாளாங்கண்ணா?"

"ஆடி மாசத்துல இருந்துங்க."

"அப்ப இத்தனை மாசமும் என்னைய வச்சு அப்படியேதான் ஓட்டுனீங்களா?"

அவர் கை தன்னால் தன் வயிற்றுக்குப் போனது. சாவியை மேசையில் வைத்தேன்.