உண்மையா, மச்சான்?

3 ஜூன்

ஓய்வு பெற்ற பிறகு பதவி உயர்வு. குடும்ப வாட்சப் குழுவின் போர்ச் செய்திப் பரிசோதகர் ஆகிவிட்டேன். மனைவி சுசீலாவின் அண்ணன் அங்கமுத்து செலண்டாரில் தன் வீட்டிலிருந்து காலை முதலே போர் வீடியோக்களாக அனுப்புகிறார்: "மச்சான், இது உண்மையா, பழசா?" முப்பது வருட நிருபரிடம் கேட்கக்கூடாத கேள்வி. நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நிழல் விழும் திசை, கடைப் பலகை எல்லாம் கவனித்து, "உண்மை" என்று எழுதுகிறேன். அவர் கைகூப்பும் படம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

6 ஜூன்

இன்று ஒன்று மட்டும் சினிமாக் காட்சி. எவ்வளவு நிம்மதி! அதில் இறந்து கிடந்த குழந்தை நடித்திருக்கிறது.

9 ஜூன்

மகள் நிர்மலாதேவி கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். பேரன் என் மடியில். பக்கத்து வீட்டில் யாரோ கேட்டை அறைந்து சாத்தினார்கள். அடுத்த நொடி நான் மேசைக்கடியில். பேரன்? சுசீலா தாவிப் பிடித்திருக்காவிட்டால் — வேண்டாம்.

"அப்பா, இனிமே பாப்பாவ தூக்காதீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

10 ஜூன்

பேரனை எட்ட நின்று பார்வையிட்டேன். அமைச்சர்கள் வெள்ளத்தைப் பார்வையிடுவதுபோல.

12 ஜூன்

புக்கிட் பெருவாங் கிளினிக். டாக்டர் கரீமா கேட்டார்: "அதெல்லாம் பாக்கச் சொல்லி யாரு அங்கிள் சொன்னா?"

"யாராச்சும் சரிபாக்கணும்ல?"

"ரிட்டயர் ஆயிட்டீங்க லா. ஒரு நாளைக்கு ஒரு தடவ செய்திய படிங்க. படிங்க, வீடியோ பாக்காதீங்க."

மருந்துச் சீட்டை நீட்டியவர், தயங்கித் தன் கைப்பேசியையும் நீட்டினார். "எங்கம்மா அனுப்புனாங்க. இது உண்மையா அங்கிள்?"

பார்த்தேன். உண்மைதான். டாக்டர் கைப்பேசியை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

15 ஜூன்

பதவி விலகலைக் குழுவில் அறிவித்தேன். "அப்ப நாங்க யார கேக்குறது?" என்றார் அங்கமுத்து. "அனுப்பாம இருந்தா கேக்கவே வேணாம் லா, அண்ணே" என்று சுசீலா எழுதினாள்.

நான் பார்க்காவிட்டால் போர் நின்றுவிடுமா? பார்த்தபோதும் நிற்கவில்லை.

24 ஜூன்

காலைப் பேப்பரில் படித்தேன். இறந்தவர்கள் தொகை கூடியிருக்கிறது. மனம் கனத்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

அங்கமுத்து தனியாக ஒன்று அனுப்பியிருந்தார். "உண்மையா, மச்சான்?" திறக்கவில்லை. "தெரியாது" என்று எழுதினேன். இந்தத் தொழிலில் என் முதல் ‘தெரியாது’.

மாலையில் நிர்மலாதேவி பேரனை என் மடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பெரிய இடி. அவன் திடுக்கிட்டான். நான் இல்லை.

"இடிதான்டா" என்றேன்.

குளியலறைக் கதவு லேசாகத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.